அடுத்த வீட்டுத் தீ

சென்ற ஆண்டு நம் பள்ளி இலக்கிய மன்றத்தில் நடந்த பட்டிமன்றம் தோழியர் பலருக்கு நினைவிருக்கலாம். "ஒரு நாட்டுக்கு உயர்வு தருவது உலக விவகாரங்களில் தலையிடுவதா, ஒதுங்கி வாழ்வதா?" என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஒதுங்கி வாழும் கட்சி என் பங்குக்கு வந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பேசினேன். "தான் உண்டு, தன் வேலை உண்டு என்று இருந்தவரை அந்த நாடு வளர்ந்தது, ஊர்ச் சண்டையில் போய் விழுந்த அன்றிலிருந்து அதற்கு நிம்மதி இல்லை" என்று நான் முடித்தபோது நல்ல கைதட்டல். நடுவர் அவர்களும் எங்கள் கட்சிக்கே தீர்ப்பு வழங்கினார்கள். எனக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணம் பரிசு. என் அம்மா இப்போது அதில்தான் புளி ஊற வைக்கிறார்.

அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல். பட்டிமன்றம் முடிந்து இரண்டு வாரம் கழித்து எங்கள் வரலாற்று ஆசிரியை என்னை நூலகத்தின் பக்கம் அழைத்து, "நன்றாகப் பேசினாய். ஆனால் 1939-ஆம் ஆண்டை ஏன் தாண்டிக் குதித்துவிட்டாய்?" என்று கேட்டார். அந்த ஆண்டில் என்ன நடந்தது என்பதே எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு, வென்ற கட்சியிலேயே தொடர்ந்து இருக்க என் மனம் ஒப்பவில்லை. ஆகவே இந்த மலரில் என்னை நானே எதிர்த்துப் பேசுகிறேன். இதற்குக் கிண்ணம் கிடைக்காது என்பது தெரியும்.

அன்று நான் சொன்னவை பொய்யல்ல. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1796-ஆம் ஆண்டு செப்டம்பரில் பதவியிலிருந்து விலகப்போவதை அறிவித்து நாட்டு மக்களுக்கு ஒரு விடைபெறும் உரையைப் பத்திரிகையில் வெளியிட்டார். அயல்நாடுகளோடு நிரந்தரக் கூட்டணி வேண்டாம் என்று அதில் எச்சரித்தார். விடுதலை பெற்று இருபது ஆண்டுகள்கூட நிறையாத, இராணுவமும் கஜானாவும் மெலிந்த நாடு அது. ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த காலம். அந்த நிலையில் அப்படிச் சொன்னது அறிவுடைமைதான். 1778-இல் பிரான்சுடன் செய்துகொண்ட கூட்டணி 1800-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் சமாதான காலத்தில் ஐரோப்பிய நாடுகளோடு இன்னொரு இராணுவக் கூட்டணியில் அமெரிக்கா கையெழுத்திட்டது 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள்தான். இடையில் ஏறத்தாழ 149 ஆண்டுகள்! இந்த எண்ணை மேடையில் நான் அழுத்திச் சொன்னதும் முதல் வரிசையில் இருந்த சிறுமிகள் "ஆ" என்று வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் அந்த 149 ஆண்டுகளும் அமெரிக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து தக்ளி நூற்றுக்கொண்டிருக்கவில்லை. 1853-இல் தளபதி பெர்ரி நான்கு போர்க் கப்பல்களோடு ஜப்பானின் எடோ விரிகுடாவுக்குள் நுழைந்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கதவடைத்துக் கிடந்த நாடு ஜப்பான். ஒதுங்கி வாழ்வதே எங்கள் கொள்கை என்று சொல்லிக்கொண்ட ஒரு நாடு, ஒதுங்கி வாழ்ந்த மற்றொரு நாட்டின் கதவைப் பீரங்கியைக் காட்டித் தட்டியது. 1898-இல் ஸ்பெயினோடு போர். போரின் முடிவில் போர்ட்டோ ரிக்கோ, குவாம் ஆகியவை கைக்கு வந்தன. பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு 2 கோடி டாலர் விலையாகக் கொடுக்கப்பட்டது. விற்றவர் ஸ்பானியர், வாங்கியவர் அமெரிக்கர். அங்கே வாழ்ந்த பிலிப்பைன்ஸ் மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் 1899-இல் எதிர்த்துப் போரிட்டார்கள். முழு விடுதலை பெற்றது 1946-இல்தான்.

எனவே "ஒதுங்கி வாழ்ந்தது" என்பதே அரைகுறை உண்மை. இலாபம் இருக்கும் பக்கத்துக் கதவு திறந்தே இருந்தது. பொறுப்பு வரும் பக்கத்துக் கதவுக்குத்தான் தாழ்ப்பாள்.

முதல் உலகப் போர் 1914-இல் மூண்டபோது ஜனாதிபதி உட்ரோ வில்சன் நடுநிலை அறிவித்தார். 1915 மே மாதம் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் 'லூசிட்டானியா' என்னும் பயணிகள் கப்பலை மூழ்கடித்தபோது 1,198 பேர் இறந்தனர். அவர்களில் 128 பேர் அமெரிக்கர். அப்போதும் அவர் போருக்குப் போகவில்லை. 1916 தேர்தலில் "நம்மைப் போரிலிருந்து காத்தவர்" என்று அவர் கட்சியினர் முழங்கினார்கள், வென்றார்கள். 1917 பிப்ரவரியில் ஜெர்மனி எந்த நாட்டுக் கப்பலென்றும் பாராமல் மூழ்கடிக்கத் தொடங்கியது. ஏப்ரல் 6-ஆம் நாள் அமெரிக்கா போரில் இறங்கியது.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பெயர் ஜீனட் ராங்கின். மொன்டானா மாநிலத்தவர். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். அந்த நாட்டுப் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது 1920-இல். இவரோ அதற்கு முன்பே, 1916-இல் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். மொன்டானா தன் பெண்களுக்கு முன்கூட்டியே வாக்குரிமை தந்திருந்ததால் இது நடந்தது. சபையில் அவர் அமர்ந்த முதல் வாரத்திலேயே போர்த் தீர்மானம் வாக்குக்கு வந்தது. 373 பேர் ஆதரித்தனர், 50 பேர் எதிர்த்தனர். ராங்கின் எதிர்த்தவர்களில் ஒருவர். மற்ற 49 பேரும் ஆண்கள். ஆனாலும் பத்திரிகைகள் சுட்டுவிரல் நீட்டியது இந்த ஒருவரை நோக்கியே. "பெண்ணை அனுப்பினால் இப்படித்தான்" என்ற பேச்சு! அடுத்த ஆண்டு செனட் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். இவரை மறந்துவிடாதீர்கள், பின்னால் மீண்டும் வருவார்.

அந்தப் போரில் ஏறத்தாழ 1,16,000 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். வில்சன் பாரிசுக்குப் போய், இனி இப்படி ஒரு போர் வராமல் தடுக்கச் சர்வதேச சங்கம் ஒன்று வேண்டும் என்று வாதாடி, அதைச் சமாதான உடன்படிக்கையிலும் சேர்த்துவிட்டுத் திரும்பினார். அவருடைய சொந்தச் செனட் சபையே அதை ஏற்கவில்லை. மக்களிடம் நேரில் முறையிட இரயிலேறி ஊர் ஊராகப் பேசினார். நோயுற்றுத் திரும்பி, 1919 அக்டோபரில் பக்கவாதத்தில் விழுந்தார். சிறு திருத்தங்களை ஏற்றுக்கொண்டிருந்தால் உடன்படிக்கை தப்பியிருக்கலாம். தாம் பெற்ற பிள்ளையில் ஒரு மயிரும் குறையக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தார். 1920 மார்ச் 19 அன்று இறுதி வாக்கெடுப்பு: ஆதரவு 49, எதிர்ப்பு 35. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைவு. சங்கம் செயல்படத் தொடங்கியது. அதைக் கனவு கண்டவரின் நாடு மட்டும் அதில் உறுப்பினர் ஆகவே இல்லை.

அதன்பின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இன்ன நாட்டிலிருந்து இத்தனை பேர்தான் வரலாம் என்று கணக்கு வகுத்தது. ஆசியருக்கு ஏறக்குறைய இடமே இல்லை. (நம் நாட்டவருக்கு 1946-இல் ஒரு சலுகை அளித்தார்கள்: ஆண்டுக்கு நூறு பேர் வரலாம் என்று! இமயம் முதல் குமரி வரை நூறே நூறு பேர்.) 1930-இல் அயல்நாட்டுப் பொருள்கள் மீது சுங்கவரி மலைபோல் ஏறியது. 1929-இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவில் வங்கிகள் விழுந்தன. 1933-இல் உழைக்கக்கூடியவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. ரொட்டிக்கும் சூப்புக்கும் வரிசையில் நிற்கிறவனிடம் போய் "எத்தியோப்பியாவைப் பார், சீனாவைப் பார்" என்றால் அவன் என்ன செய்வான்? அவர்கள் ஒதுங்கியதன் நியாயத்தை நான் இகழவில்லை. சென்ற போரில் மகனை இழந்த தாய்மார்கள் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள். ஆயுத வியாபாரிகள் அந்தப் போரில் எவ்வளவு கொள்ளை இலாபம் அடித்தார்கள் என்பதை 1934 முதல் செனட் குழு ஒன்று விசாரித்து வெளிச்சம் போட்டுக் காட்டியது. "நம் பிள்ளைகளை விற்றுவிட்டார்கள்" என்று மக்கள் கொதித்ததில் வியப்பில்லை.

அந்தக் கொதிப்பில் பிறந்தவையே 1935, 1936, 1937 ஆண்டுகளின் நடுநிலைச் சட்டங்கள். போரிடும் எந்த நாட்டுக்கும் ஆயுதம் விற்கக்கூடாது, கடன் கொடுக்கக்கூடாது என்றன அவை. கேட்க நன்றாக இருக்கிறது. அடித்தவன் ஏற்கெனவே அரிவாளோடு நிற்கிறான், அடிபட்டவன் கையில் ஒன்றுமில்லை. இருவருக்கும் ஒன்றும் தரமாட்டோம் என்றால் அதனால் யாருக்கு இலாபம்? இத்தாலி 1935-இல் எத்தியோப்பியாவை மிதித்தது. 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். 1937-இல் ஜப்பான் சீனத்துக்குள் புகுந்து நான்கிங் நகரில் செய்ததை எழுத என் கை கூசுகிறது.

இனி அந்த 1939.

மே 13-ஆம் நாள் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து 'செயின்ட் லூயிஸ்' என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் 937 பயணிகள். ஏறத்தாழ அனைவரும் யூதர்கள். முந்திய ஆண்டு நவம்பரில் அவர்களுடைய கடைகள் நொறுக்கப்பட்டு, தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டிருந்தன. கியூபாவில் இறங்க அனுமதிச் சீட்டுப் பெற்று, அங்கே சில காலம் காத்திருந்து, முறை வந்ததும் அமெரிக்கா செல்வது என்பது அவர்களில் பலருடைய எண்ணம். கப்பல் ஹவானாவை அடைந்தபோது கியூபா அரசு அந்தச் சீட்டுகள் செல்லாது என்றது. இறங்க முடிந்தவர்கள் மொத்தம் முப்பது பேர்கூட இல்லை. கப்பல் வடக்கே திரும்பி ஃபுளோரிடா கரையோரமாக மெல்லச் சென்றது. மயாமி நகரத்து விளக்குகள் கப்பலில் இருந்தவர்களின் கண்ணுக்குத் தெரிந்தன. அவ்வளவு பக்கம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குத் தந்தி அடித்தார்கள், பதில் வரவில்லை. வரிசை இருக்கிறது, முறைப்படி காத்திருக்க வேண்டும் என்பதே அதிகாரிகளின் நிலை. ஜூன் 6-ஆம் நாள் கப்பல் ஐரோப்பாவை நோக்கித் திரும்பியது.

கப்பல் தலைவர் குஸ்தாவ் ஷ்ரோடர் ஒரு ஜெர்மானியர். பயணிகளுக்குப் புகலிடம் உறுதியாகும்வரை ஜெர்மனிக்குக் கப்பலைத் திருப்புவதில்லை என்று அவர் உறுதியாக இருந்தார். பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகள் அவர்களைப் பங்கிட்டு ஏற்றன. ஓராண்டுக்குள் அவற்றில் மூன்று நாடுகளை ஹிட்லரின் படை விழுங்கியது. அந்தக் கப்பலில் வந்தவர்களில் 254 பேர் பின்னர் நடந்த யூத இனப் படுகொலைக்கு இரையானார்கள்.

அதே ஆண்டில் இன்னொன்று. பதினான்கு வயதுக்குட்பட்ட 20,000 அகதிக் குழந்தைகளை ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் ஏற்க வேண்டும் என்று செனட்டர் வாக்னரும், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் எடித் ரோஜர்ஸ் அம்மையாரும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவோம், இந்தப் பிள்ளைகள் நாளை வளர்ந்து நம் வேலைகளைப் பறிப்பார்கள் என்று எதிர்த்தார்கள். மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. நம் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புச் சிறுமிகளின் வயதுக் குழந்தைகள் அவர்கள்.

இது குடியேற்றச் சட்டம், வெளியுறவுக் கொள்கை வேறு என்று யாரேனும் சொல்லக்கூடும். நானும் மேடையில் அப்படித்தான் சமாளித்திருப்பேன். ஆனால் சர்வதேச சங்கத்துக்கு மூடிய கதவும், சீனத்துக்கு மூடிய கதவும், இந்தக் குழந்தைகளுக்கு மூடிய கதவும் ஒரே வீட்டுக் கதவுதான். 'உலகத்து வம்பு நமக்கு வேண்டாம்' என்று ஒருமுறை மனத்தைப் பழக்கிவிட்டால், வாசலில் நிற்பது வம்பா, பசித்த குழந்தையா என்று எட்டிப் பார்க்கும் வழக்கமே போய்விடுகிறது.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. இங்கிலாந்து தனியே நின்றது. அமெரிக்காவுக்குள் பெரும் வாக்குவாதம் எழுந்தது. செப்டம்பரில் 'அமெரிக்கா முதலில்' என்ற பெயரில் ஒரு குழு தொடங்கி, எட்டு இலட்சம் உறுப்பினர் வரை வளர்ந்தது. அதில் பல்கலைக்கழக மாணவர், வணிகர், சமாதானவாதிகள் என்று பலவகையினரும் இருந்தார்கள். எல்லாரையும் தீயவர் என்று தள்ளிவிட முடியாது. அட்லாண்டிக் கடலைத் தனியே விமானத்தில் கடந்த புகழ்பெற்ற லிண்ட்பெர்க் அதன் முதன்மைப் பேச்சாளர். 1941 செப்டம்பரில் அவர், நம்மைப் போருக்குள் தள்ளுகிறவர்கள் என்று ஆங்கிலேயரையும் ரூஸ்வெல்ட் அரசையும் மட்டுமல்லாமல் யூதர்களையும் சுட்டினார். அந்தப் பேச்சோடு குழுவின் நற்பெயர் கெட்டது. தன் வீட்டைக் காப்பேன் என்று தொடங்கும் பேச்சு அயலானைப் பழிப்பதில் போய் முடிவது இன்றும் நாம் காணும் காட்சிதான்.

ரூஸ்வெல்ட் என்ன செய்தார்? அவரை நான் முழுதும் மெச்சவில்லை. ஒரு கண் ஹிட்லர் மேல், மறு கண் வாக்காளர் மேல். 1940 தேர்தலின்போது, உங்கள் பிள்ளைகளை அயல்நாட்டுப் போருக்கு அனுப்பமாட்டேன் என்று தாய்தந்தையருக்கு வாக்குக் கொடுத்தார். வென்ற பிறகு டிசம்பர் மாதம் பத்திரிகையாளரிடம் ஓர் உவமை சொன்னார்: அடுத்த வீடு தீப்பிடித்தால் என் தோட்டத்து நீர்க்குழாயை அவனுக்குக் கொடுப்பேனே தவிர, குழாயின் விலை பதினைந்து டாலர், முதலில் பணத்தை வை என்று கேட்பேனா? தீ அணைந்ததும் குழாயைத் திருப்பித் தந்தால் போதும். எவ்வளவு எளிய உவமை! கீற்றுக் கொட்டகைகள் அடுத்தடுத்து நிற்கும் நம் ஊர்த் தெருக்களில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1941 மார்ச் 11-ஆம் நாள் அந்த உவமையே கடன்-குத்தகைச் சட்டமாகியது. ஆயுதங்களும் உணவும் இங்கிலாந்துக்கும் பின்னர் சீனத்துக்கும் ரஷ்யாவுக்கும் போயின.

அப்படியும் நாடு மனம் மாறிவிடவில்லை. கட்டாய இராணுவச் சேவையை நீட்டிக்கும் சட்டம் 1941 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என்று ஒரே வாக்கில் தப்பியது. பெர்ல் துறைமுகத்துக்கு இன்னும் நான்கே மாதம் இருந்தது!

அதே ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கடல்நடுவே சந்தித்து அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டார்கள். எல்லா மக்களும் தங்கள் ஆட்சி முறையைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமை உடையவர்கள் என்றது அதன் மூன்றாவது விதி. நம் நாட்டில் படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மறு மாதமே சர்ச்சில், அது நாஜிகளின் பிடியில் உள்ள ஐரோப்பிய நாடுகளை எண்ணிச் சொன்னது, இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் வழி வேறு என்று விளக்கிவிட்டார். நிமிர்ந்தவர்கள் மீண்டும் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ஜப்பானிய விமானங்கள் பெர்ல் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்ததில் 2,403 அமெரிக்கர் மாண்டார்கள். மறுநாள் செனட் சபை 82-க்கு 0 என்று போரை அறிவித்தது. பிரதிநிதிகள் சபையில் 388-க்கு 1.

அந்த ஒன்று யார் என்று ஊகித்திருப்பீர்கள். ஜீனட் ராங்கின். இருபதாண்டுகளுக்கும் மேல் வெளியே இருந்துவிட்டு, 1940 தேர்தலில்தான் மீண்டும் வந்திருந்தார். சபையில் கூச்சல், சீழ்க்கை. வெளியே வந்தவரைக் கூட்டம் நெருக்க, ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்துகொண்டு காவலரை அழைக்க வேண்டியதாயிற்று. 1942-இல் அவர் மீண்டும் போட்டியிடவில்லை. அவருடைய அரசியல் வாழ்வு அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

அவரைப் பற்றி என் வகுப்புத் தோழிகளோடு எத்தனையோ நாள் வாதிட்டிருக்கிறேன். அவர் வாக்களித்தது தவறு என்றே நான் எண்ணுகிறேன். 1917-இல் அவர் சொன்ன 'இல்லை'க்கு நியாயம் இருந்தது. 1941-இல் தீ அடுத்த வீட்டில் இல்லை, கூரை மேலேயே வந்துவிட்டது; நான்கிங்கிலும் வார்சாவிலும் எரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லால் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கிடைத்திருக்காது. ஆனால் 388 ஆண்களும் பெண்களும் ஒரு பக்கம் நிற்க, தன் பதவி போகும் என்று தெரிந்தே எதிர்ப்பக்கம் ஒருத்தியாக நின்றாரே, அந்தத் துணிவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எங்கள் வகுப்பில், எல்லாரும் கை தூக்கினால் நானும் தூக்கிவிடுகிறேன். காரணத்தைப் பிறகுதான் யோசிக்கிறேன்.

போருக்குப் பிறகு அவர் நம் நாட்டுக்குப் பலமுறை வந்தார். காந்தியடிகளின் வழியைக் கற்றுக்கொள்ளவே வந்தார். 1968 ஜனவரியில், 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டன் நகரில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முன்னால் நடந்தார். 1973-இல் மறைந்தார். இன்று அந்தக் காங்கிரஸ் கட்டடத்துக்குள்ளேயே அவருக்குச் சிலை இருக்கிறது.

ஒரு நாட்டின் மனம் எப்படி மாறுகிறது என்பதற்கு செனட்டர் வான்டன்பெர்கை விடச் சிறந்த சான்று இல்லை. ஒதுங்கி வாழும் கட்சியின் தூணாக இருந்தவர். 1945 ஜனவரி 10-ஆம் நாள் அவர் எழுந்து, இனி எந்த நாடும் கடலை நம்பித் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்ற கருத்தில் பேசியபோது சபையே திகைத்தது. தாம் இதுவரை பேசியதற்கு மாறாக நின்று பேசுவது எளிதன்று. (என் எவர்சில்வர் கிண்ண அனுபவத்தில் சொல்கிறேன்.) அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை சான்பிரான்சிஸ்கோவில் ஐம்பது நாடுகள் கூடி ஐக்கிய நாடுகள் சாசனத்தை வகுத்தன. அமெரிக்கச் செனட் சபை ஜூலை 28 அன்று அதை 89-க்கு 2 என்று ஏற்றது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஏழு வாக்குக்காக வில்சனைக் கைவிட்ட அதே சபை.

அந்தச் சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் சென்னையில் வழக்கறிஞராகவும் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவராகவும் விளங்கிய ஆற்காடு இராமசாமி முதலியார். ஆனால் நாம் அப்போது அடிமை நாடு. அவரை அனுப்பியது ஆங்கில அரசு. இது இந்தியாவின் குரல் ஆகாது என்று சொல்ல அதே நகரத்தில் விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் மண்டபத்துக்கு வெளியே கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தார். 1953-இல் அந்த ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்கே அவர் தலைவரானார்! சாசனத்தில் கையெழுத்திட்ட பெண்கள் நால்வர். ஒருவர் அமெரிக்கர், மற்றவர்கள் சீனம், பிரேசில், டொமினிகன் குடியரசு நாட்டினர்.

ஜனாதிபதியின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அவர் தலைமையில் மனித உரிமைப் பிரகடனம் உருவானபோது, முதல் விதியின் வரைவில் "ஆண்கள் அனைவரும்" என்று பொருள்படும்படி இருந்த தொடரை "மனிதர் அனைவரும்" என்று மாற்ற வேண்டும் என வாதாடி வென்றவர் நம் நாட்டு ஹன்சா மேத்தா. 1948 டிசம்பர் 10-ஆம் நாள் 48 நாடுகள் ஆதரிக்க, எட்டு நாடுகள் வாக்களியாதிருக்க, எதிர்ப்பே இல்லாமல் அது நிறைவேறியது. ஒரு நாடு வெளியே வந்தால்தான் வேறொரு நாட்டுப் பெண் அதனிடம் ஒரு சொல்லைத் திருத்தச் சொல்ல முடியும்.

போரில் நொறுங்கிய மேற்கு ஐரோப்பாவை எடுத்து நிறுத்த 1948 முதல் நான்கு ஆண்டுகளில் மார்ஷல் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் போயிற்று. 1945-இல் இருபத்திரண்டு அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து, பசித்த ஐரோப்பியருக்கு உணவுப் பொட்டலம் அனுப்ப 'கேர்' என்ற நிறுவனத்தைத் தொடங்கின. அந்தப் பெயர் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் பாட்டி 1960-களில் படித்தபோது மதிய உணவாகப் பள்ளியில் போட்டது கேர் அனுப்பிய கோதுமை ரவை உப்புமாதான். மஞ்சளாக, கொஞ்சம் கசந்தும் இருக்குமாம். "அது இல்லையென்றால் எங்கள் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கமாட்டார்" என்பார் பாட்டி. கோதுமை மிஞ்சிப் போனதால்தான் அனுப்பினார்கள், அதில் அரசியலும் இருந்தது என்பார் என் அண்ணன். இருவர் சொல்வதும் சரிதான். பாட்டி படித்ததும் உண்மை.

அண்ணன் கட்சிக்கும் வலு உண்டு. 1953-இல் ஈரானில் மக்கள் தேர்ந்த அரசைக் கவிழ்க்க அமெரிக்க உளவுத்துறை கைகொடுத்தது. வியட்நாமில் 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கரும், அதைவிடப் பல மடங்கு வியட்நாமியரும் மாண்டார்கள். 1971 டிசம்பரில் வங்காள விரிகுடாவுக்கு 'எண்டர்பிரைஸ்' கப்பலை அனுப்பி நம்மையே மிரட்டிப் பார்த்தார்கள். 2003-இல் ஈராக்கில் இல்லாத ஆயுதங்களைத் தேடிப் போனார்கள். இவற்றையெல்லாம் அடுக்கினால் ஒதுங்கியே இருந்திருக்கலாமே என்று தோன்றும். சென்ற ஆண்டு கைதட்டல் வாங்கியதும் இந்தப் பட்டியலால்தான்.

இப்போது எனக்குத் தலைப்பின் மேலேயே குறை தோன்றுகிறது. 'தலையிடுவது' என்று போட்டிருந்தார்களே, அங்கேயே எதிர்க்கட்சி பாதி தோற்றுவிட்டது. தமிழில் தலையீடு வேறு, ஈடுபாடு வேறு அன்றோ? அடுத்த வீடு எரியும்போது குழாயைக் கொடுப்பது ஒன்று. எரியாத வீட்டுக்குள் புகுந்து அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது வேறொன்று. அமெரிக்கா 1941-க்குப் பின் இரண்டையும் செய்தது, பலமுறை ஒரே கையால். இரண்டாவதற்கு வெட்கப்பட்டு முதலாவதையும் விட்டுவிட்டால் கப்பல்கள் மறுபடியும் கரைக்கு வெளியே நிற்கும். 'அமெரிக்கா முதலில்' என்ற பழைய முழக்கம் 2017 பதவியேற்பு உரையில் மீண்டும் ஒலித்தது. 1961-இல் தொடங்கிய அந்நாட்டின் அயல்நாட்டு உதவி நிறுவனம் 2025 ஜூலையில் மூடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்துச் சொன்னபோது பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இவ்வாண்டுப் பட்டிமன்றத்துக்கும் சீட்டுக் குலுக்கப் போகிறார்களாம். எந்தக் கட்சி விழுந்தாலும் 'செயின்ட் லூயிஸ்' கப்பலைப் பற்றிப் பேசாமல் மேடையை விட்டு இறங்கமாட்டேன் என்று வரலாற்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன். "ஐந்து நிமிடத்தில் மணி அடித்துவிடுவேன்" என்றார் அவர்.